தாத்தாவின் ஸ்டேரிங் ஏன் திரும்பவில்லை?

கடந்த தீபாவளிக்கு மறுநாள் ஈப்போ, புந்தோங்கில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கார்ப் பந்தயம் நடந்தது. நான், தம்பி, சித்தப்பா மகள், தாத்தா என்று நான்கு பேர். தாத்தாவுக்கு வயது 76. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் 27 ஆண்டுகள் பால் லாரி ஓட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகுதான் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது.

விளையாட்டின் பெயர் 'மாரியோ கார்ட் வீ'. 1992இல் 'சூப்பர் மாரியோ கார்ட்' என்று தொடங்கிய வரிசையில், நிண்டெண்டோ நிறுவனம் 2008இல் வெளியிட்டது. உலகம் முழுவதும் 3 கோடியே 70 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மாமா புதுக் கருவி வாங்கியதும் பழையதை எங்களிடம் தள்ளிவிட்டார். அதோடு நான்கு வெள்ளை பிளாஸ்டிக் ஸ்டேரிங்குகள். ரிமோட்டை அதற்குள் பொருத்தி, காற்றில் பிடித்துத் திருப்பினால் திரையில் கார் திரும்பும். வலது கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் பொத்தான்தான் எண்ணெய் மிதிப்பது.

பந்தயம் தொடங்கியது. முதல் வளைவிலேயே தாத்தாவின் கார் நேராகப் போய்ப் புல்லில் இறங்கியது. அவர் திருப்பாமல் இல்லை. ஒரு கை மாற்றி ஒரு கை, முழுச் சுற்றே சுற்றினார். கார் அசையவில்லை.

"என்னாடா இது, ஸ்டேரிங் லூசா இருக்கு?"

"தாத்தா, லைசென்ஸ காசு குடுத்தா வாங்குனீங்க?" என்றாள் சித்தப்பா மகள். எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு ஸ்டேரிங்கை மேசைமேல் வைத்துவிட்டு அஞ்சடிக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். திரும்பி உள்ளே வரவில்லை.

அந்த ஆண்டுதான் அவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு அப்பா அவருடைய கஞ்சில் காரின் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். தாத்தா ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டார். சாவி போன பிறகு அவர் கையில் பிடித்த முதல் ஸ்டேரிங், நாங்கள் சிரித்த அந்த பிளாஸ்டிக் ஸ்டேரிங்தான். இது அன்றைக்கு என் மண்டையில் உறைக்கவில்லை.

பல்கலைக்கழகம் திரும்பிய பிறகு, சித்தப்பா மகள் கைப்பேசியில் எடுத்த காணொளியைக் குடும்ப வாட்சாப் குழுவில் போட்டாள். மூன்றாவது தடவை பார்த்தபோதுதான் கவனித்தேன். எங்கள் மூவர் கையிலும் ஸ்டேரிங் சுவர்க் கடிகாரம் போல நிமிர்ந்து நிற்கிறது. தாத்தாவுடையது மட்டும் மடிமேல் தாம்பாளம் மாதிரி படுத்திருக்கிறது.

நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். அந்தப் பருவத்தில்தான் ஆய்வுக்கூடத்தில் முடுக்கமானியை வைத்து அளவெடுத்துக்கொண்டிருந்தோம். கண்டுபிடிக்க இத்தனை நாள் ஆனதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்த வெள்ளை ஸ்டேரிங்குக்குள் மின்சாதனம் எதுவும் கிடையாது. அது வெறும் உறை. வேலை எல்லாம் ரிமோட்டுக்குள் இருக்கும் சிறு சில்லுக்குத்தான். அதற்குள் சிலிக்கானில் செய்த மிக நுண்ணிய எடை ஒன்று, வில் போன்ற இழைகளில் தொங்குகிறது. ரிமோட் சாய்ந்தால் புவியீர்ப்பு அந்த எடையைச் சற்றே ஒரு பக்கம் இழுக்கும். அந்த நகர்வைச் சில்லு மின்சாரமாக அளக்கிறது. மூன்று திசைகளில் இப்படி அளந்து, 'கீழே' எந்தப் பக்கம் என்று சொல்லும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். நிமிர்ந்து நிற்கும் ஸ்டேரிங்கை 30 பாகை சாய்த்தால், சைன் 30 என்பது 0.5 என்பதால், ஈர்ப்பில் சரிபாதி பக்கவாட்டில் பதிவாகும். கார் திரும்பும்.

இப்போது ஸ்டேரிங்கைத் தட்டையாகப் படுக்க வையுங்கள். ஈர்ப்பு அதன் தளத்துக்குச் செங்குத்தாக இறங்குகிறது. இந்த நிலையில் பத்துச் சுற்று சுற்றினாலும் 'கீழே' என்பது மாறப்போவதில்லை. சில்லைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை. தாத்தா அன்று சரியாகத்தான் ஓட்டினார். அவர் திருப்பியது அந்தச் சில்லின் கண்ணில் படவே இல்லை.

பருவ விடுமுறையில் வீட்டுக்கு வந்ததும் ஒரு நூலில் இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் ஸ்டேரிங்கைப் பிடித்துக் காட்டினேன். நிமிர்த்தித் திருப்பினால் நூலுக்கும் ஸ்டேரிங்குக்கும் இடையே கோணம் மாறும். படுக்க வைத்துத் திருப்பினால் மாறாது. நான் பாதி விளக்கம்கூடச் சொல்லி முடிக்கவில்லை.

"அப்படின்னா இது திருப்புறத பாக்கல. சாய்க்கிறத பாக்குது," என்றார்.

எங்கள் விரிவுரையாளர் இதற்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஆனா நீங்க ஏன் தாத்தா இப்படிப் படுக்க வச்சுப் பிடிச்சீங்க?"

லாரியில் அப்படித்தான் இருக்கும் என்றார். அந்தக் காலத்து லாரியில் பவர் ஸ்டேரிங் கிடையாது. சக்கரம் பெரிதாக, கிட்டத்தட்டப் படுத்த வாக்கில் இருக்கும். அப்போதுதான் தோளையும் முதுகையும் கொடுத்து இழுத்துத் திருப்ப முடியும். செம்மண் சாலை, மழை பெய்தால் வழுக்கும். பின்னால் தொட்டியில் பால். வளைவில் வேகமாகப் போனால் பால் ஒரு பக்கம் ஒதுங்கி லாரியையே சாய்க்கப் பார்க்கும். மெதுவாகப் போகவும் முடியாது. அம்மோனியா கலந்திருந்தாலும், பால் உறைவதற்குள் ஸ்டோருக்குப் போய்ச் சேர வேண்டும். இதையெல்லாம் அவர் சொன்னபோது அவருடைய இரு கைகளும் காற்றில், தட்டையாக, ஒரு பெரிய வட்டத்தைப் பிடித்திருந்தன. இருபது வயது வரை நான் இதைப் பற்றி அவரிடம் கேட்டதே இல்லை.

விளையாட்டில் தேர்ந்தவர்கள் பலருக்கு இந்தச் சாய்க்கும் முறை இளக்காரம். பொத்தான்தான் வேகம், துல்லியம் என்பார்கள். போட்டிக்கு அது சரியாக இருக்கலாம். நானும் அந்தக் கூட்டம்தான். ஆனால் பொத்தான்கள் நிறைந்த கட்டுப்பாட்டுக் கருவியைக் கொடுத்திருந்தால் தாத்தா தொட்டிருக்கவே மாட்டார். ஸ்டேரிங் என்பதால்தான் உட்கார்ந்தார்.

திரும்பும் வேகத்தையே அளக்கும் கருவியும் உண்டு. அது சுழல்மானி. 2009இல் வீ ரிமோட்டுக்கு அதைத் தனியே இணைக்கும்படி கொண்டுவந்தார்கள். இப்போதைய நிண்டெண்டோ சுவிட்ச்சில் உள்ளேயே இருக்கிறது. இன்றைய கைப்பேசிகள் பலவற்றிலும் முடுக்கமானி, சுழல்மானி இரண்டும் உண்டு. சாய்த்து ஓட்டும் கார் விளையாட்டு ஏதாவது உங்களிடம் இருந்தால், கைப்பேசியை மேசையில் தட்டையாக வைத்துச் சுற்றிப் பாருங்கள். உங்கள் விளையாட்டு எந்தக் கருவியை நம்பியிருக்கிறது என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அன்று மாலை தாத்தா மறுபடி உட்கார்ந்தார். 'மூ மூ மெடோஸ்' என்ற பந்தயச் சாலையைத் தேர்ந்தெடுத்தேன். கிராமத்துப் பாதை, நடுவில் மாடுகள் குறுக்கே வரும். தோட்டத்துச் சாலை மாதிரிதான். ஸ்டேரிங்கை நிமிர்த்திப் பிடித்துத்தான் தொடங்கினார். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் கை தானாகக் கீழே இறங்கிப் படுத்துவிடும். "தாத்தா, தூக்குங்க! தூக்குங்க!" என்று தம்பி கத்துவான். தூக்குவார். ஒரு மாடு குறுக்கே வந்தது. நாங்கள் ஒதுங்கிப் பறந்தோம். அவர் காரை நிறுத்தினார். பந்தயத்தில், நடுச்சாலையில், மாடு கடந்து போகும்வரை காத்திருந்தார்.

பன்னிரண்டு கார்களில் பதினோராவதாக வந்தார்.

"மாடு எதுவும் அடிபடல இல்ல?" என்று கேட்டார்.