நீரிழிவைத் தள்ளிப்போடும் குறுஞ்செய்தி

தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கிச் சாலையைக் கடந்தால், பேருந்து நிலையத்தின் அருகே லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ் செங்கல் கோபுரமாக எழுந்து நிற்கிறது. உள்ளே படிக்கட்டு இல்லை. சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதையின் ஓரத்திலேயே மேசைகள் அமைந்துள்ளன. அண்மையில் ஒரு காலை வேளையில் நாங்கள் அங்கு ஏறியபோது, உடன் வந்த நாகர்கோவில் நண்பரின் கைப்பேசி இருமுறை ஒலித்தது. முதலாவது, ஊதியம் வரவு வைக்கப்பட்டதைத் தெரிவிக்கும் வங்கிச் செய்தி. இரண்டாவது, அவரே தமக்கு வைத்துக்கொண்ட நினைவூட்டல்: ‘காபியில் சர்க்கரை வேண்டாம்.’ நண்பர் அதற்குக் கீழ்ப்படிந்தார். ஆனால் வடை இரண்டு கேட்டார். வடையைப் பற்றி நினைவூட்டல் எதுவும் சொல்லவில்லையாம்.

அவர் நீரிழிவு நோயாளி அல்லர். அதன் வாசலில் நிற்பவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான பேராய்வின்படி, நாட்டில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10.1 கோடி, அதற்கு முந்தைய நிலையில் உள்ளோர் 13.6 கோடி. கேரளத்தில் வயது வந்தோருள் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் நீரிழிவு உள்ளது. வாசலில் நிற்கும் அந்த 13.6 கோடிப் பேரைத் திருப்பி அனுப்ப ஒரு குறுஞ்செய்தியால் இயலுமா?

இக்கேள்விக்கு முறையான விடை தேடியவர்கள் சென்னையில் உள்ளனர். மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, உணவையும் உடலுழைப்பையும் சீராக்கினால் நம் நாட்டினரிடமும் நோய் தள்ளிப்போகும் என்று காட்டியது. மூன்றாண்டுகளில் பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோருள் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். வாழ்க்கை முறைப் பயிற்சி பெற்றோருள் இது 39.3 விழுக்காடு. பயன் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ஒவ்வொருவரையும் திரும்பத் திரும்ப நேரில் சந்திக்க ஆளும் பொருளும் எங்கே?

எனவே அக்குழு, இலண்டன் இம்பீரியல் கல்லூரியுடன் சேர்ந்து, 2009இல் கைப்பேசியைக் கையில் எடுத்தது. தென்கிழக்கு இந்தியாவில் பணியாற்றும் 35 முதல் 55 வயது வரையிலான ஆண்கள் 8,741 பேரைச் சோதித்து, குளுக்கோஸ் ஏற்புத்திறன் குறைந்த 537 பேரைத் தேர்ந்தெடுத்தனர். எல்லோருக்கும் தொடக்கத்தில் நேரில் அறிவுரை கூறப்பட்டது. அவர்களுள் 271 பேருக்கு மட்டும் அதன்பின் குறுஞ்செய்திகள் தொடர்ந்து சென்றன. ஈராண்டு முடிவில், செய்தி பெறாத 266 பேரில் 73 பேருக்கு நீரிழிவு வந்திருந்தது. செய்தி பெற்றவர்களில் 50 பேருக்கு மட்டுமே. பதினொரு பேருக்குச் செய்தி அனுப்பினால் ஒருவர் நோயிலிருந்து விலகி நிற்கிறார் என்பது இதன் கணக்கு. மருந்தில்லை, ஊசியில்லை, எளிய கைப்பேசியே போதும். 2013இல் இம்முடிவு வெளியானபோது பலரும் வியந்ததில் வியப்பில்லை.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நண்பரின் வடைக்கும் ஒரு நினைவூட்டல் வைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருப்போம். ஆனால் 2020இல் இந்தியாவிலும் பிரிட்டனிலுமாக 2,062 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. இம்முறை ஆண், பெண் இருபாலாரும் இருந்தனர்; அவர்களைத் தேர்ந்தெடுத்த இரத்தப் பரிசோதனையும் வேறு. செய்தி பெற்றோரிடம் நோய் சற்றுக் குறைவாகவே தோன்றியது; எனினும் அந்த வேறுபாடு தற்செயலானது அன்று என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. வெற்றியை மட்டும் கூறி இதை மறைப்பது, வரவை மட்டும் எழுதிச் செலவை விட்டுவிடும் கணக்கு ஆகும்.

தம்பானூரிலிருந்து நாகர்கோவில் செல்லும் பாதையில் வரும் நெய்யாற்றின்கரை வட்டமும் இக்கணக்கில் சேர வேண்டியதே. கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் அங்கு 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரைச் சேர்த்தது. இங்கு முதன்மைக் கருவி கைப்பேசி அன்று, அக்கம்பக்கத்தார். தங்களுள் ஒருவரையே தலைவராகக் கொண்டு சிறு குழுக்களாக ஓராண்டு கூடினர். வீட்டுத் தோட்டம், யோகா போன்றவற்றிலும் ஈடுபட்டனர். ஈராண்டுக்குப் பின் இக்குழுக்களில் 14.9 விழுக்காட்டினருக்கும், மற்றவர்களுள் 17.1 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. இதுவும் உறுதியான வேறுபாடு அன்று. ஆயினும் காய்கனி உண்பது கூடிற்று, மதுப்பழக்கம் குறைந்தது.

மூன்று ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்கையில், எங்களுக்குப் புலப்படுவது இதுதான்: கைப்பேசி நல்ல நினைவூட்டி, அது மருத்துவரும் அன்று, மனவுறுதியும் அன்று. சென்னை ஆய்வில் பயன் கண்டவர்களுக்குச் செய்தி வருமுன் இரண்டு நடந்திருந்தன. தம் இரத்தத்தின் நிலையை அவர்கள் எண்ணாகவே அறிந்திருந்தனர்; என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் எதிரில் அமர்ந்து சொல்லியிருந்தார். அவ்விரண்டும் இல்லாத நினைவூட்டல், கணக்கே தொடங்காதவருக்கு வரும் இருப்பு விவரம் போன்றது.

ஆகவே பரிசோதனையிலிருந்து தொடங்குங்கள். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நீரிழிவு உண்டா என்னும் நான்கையும் கொண்டு சென்னையில் உருவான இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் 60ஐத் தொட்டால், இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். குளுக்கோஸ் நீர் அருந்தி இரண்டு மணி நேரத்தில் அளவு 140க்கும் 199க்கும் இடையில் இருப்பின் மருத்துவரைக் கண்டு பேசுங்கள். அதன்பின் கைப்பேசியை வேலை வாங்குங்கள். ‘நலமாக இரு’ என்னும் பொதுச்செய்தி பயன்படாது. ‘மாலை நான்கு மணி, தேநீரோடு பிஸ்கட் வேண்டாம்’, ‘ரயில் வரும் வரை நடைமேடையில் நட’ என்பவை பயன்படும். அடிகளை எண்ணும் செயலி உண்டென்றால் நன்று. பத்தாயிரம் அடி என்னும் எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம். அது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிகாட்டியின் பெயரிலிருந்து பரவியது; மருத்துவ விதியாகப் பிறந்ததன்று.

வங்கியின் பத்திரிகை என்பதால் ஒன்றைச் சேர்க்கிறோம். ‘சர்க்கரையை முப்பது நாளில் ஒழிக்கலாம்’ என்று இணைப்போடு வரும் செய்தியைத் திறக்காதீர்கள். உடல்நலத் தகவலோடு அட்டை எண்ணையோ ஓ.டி.பி.யையோ கேட்பவர் எவராயினும் கொடுக்காதீர்கள்.

நண்பர் அன்று மாலை நாகர்கோவில் வண்டிக்காக நடைமேடையின் இரு முனைகளுக்கும் நான்கு முறை நடந்தார். வண்டி தாமதம். ஏறுமுன், அடுத்த இரத்தப் பரிசோதனைக்கான நாளைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.