புயல் நிவாரணமும் வீட்டு உதவியும்: யாருக்கு எது உரியது?

பெண்ணாடத்துத் திருக்கோயிலில் எழுந்தருளியுள்ள இறைவனுக்குப் பிரளயகாலேசுவரர் என்பது திருநாமம். பெருவெள்ளத்தின் நினைவைப் பெயரிலேயே தாங்கிய இவ்வூர் அமைந்துள்ள கடலூர் மாவட்டம், 2011 டிசம்பரில் தானே புயலையும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலையும் கண்டது. புயல் ஓய்ந்தபின் கூரை இழந்த குடும்பங்களில் எழும் வினா ஒன்றே: “அடுத்த வீட்டாருக்குக் கிடைத்தது எமக்கு ஏன் கிடைக்கவில்லை?”

வெவ்வேறான உதவிகளை ஒன்றெனக் கருதுவதே இக்குழப்பத்திற்குக் காரணம். ஃபெஞ்சல் புயலின்போது அரசு அறிவித்தவற்றையே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, வெள்ளத்தால் வாழ்வாதாரம் இழந்த குடும்பங்களுக்கு 2,000 ரூபாய். இதற்கு ஆதாரம் குடும்ப அட்டை.

இரண்டாவது, சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய். இதற்கு ஆதாரம் சேதக் கணக்கு. கணக்கெடுப்பில் விடுபட்ட குடிசைக்குத் தொகை வாராது.

மூன்றாவது, முழுவதும் இடிந்த குடிசைக்குக் கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் முன்னுரிமை. 360 சதுர அடி வீட்டிற்கு 3.50 லட்சம் ரூபாய் எனும் இத்திட்டத்திற்கு மனையின் பட்டா இன்றியமையாதது. முன்னுரிமை என்பது வரிசையில் முன்னிற்பதேயன்றித் தகுதியாகிவிடாது. ஆதலால் 10,000 ரூபாய் பெற்றவர் அனைவரும் வீடும் பெறுவர் என எண்ணுதல் தவறு.

இன்னொன்றும் கருதத்தக்கது. கனவு இல்லம் ஊரகப் பகுதிக்குரிய திட்டம். பெண்ணாடமோ பேரூராட்சி. பேரூராட்சி எல்லைக்குள் வசிப்போர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டங்களையே நாடுதல் வேண்டும். எல்லைக்கு இப்பால் ஒரு சட்டம், அப்பால் ஒரு சட்டமா என மக்கள் திகைப்பது இதனாலேயே.

இவ்விதிகளால் பெரிதும் இடருறுவோர் புறம்போக்கில் குடியிருப்போரே. கூரை பறந்த துயரம் யாவர்க்கும் ஒன்றுதான். ஆயினும் பட்டா இல்லாதார் வீட்டு உதவியின் வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர். நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா பெறுதல் அரிது. அத்தகையோர் மாற்று மனை கோருவதே வழி. ஆட்சேபணையற்ற புறம்போக்காயின் வரன்முறை செய்து பட்டா வழங்குமாறு வட்டாட்சியருக்கு மனுச் செய்யலாம்.

புயல் வந்தபின் பட்டாவுக்கு அலைவதில் பயனில்லை. வானம் தெளிந்துள்ள இந்நாட்களிலேயே குடும்ப அட்டை, பட்டா, வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் பெயர் ஒன்றாக உள்ளதா எனச் சரிபார்த்துக்கொள்க. சேதம் நேரின் உடனே கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவித்துப் பதிவு செய்வித்து, மனுவின் ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துக. கூரையைக் காற்றிலிருந்து காப்பது அரிதாகலாம். உரிமையைக் காத்துக்கொள்வது நம் கையில் உள்ளது.