வால்வு பொருத்தியவருக்குத் தொண்டை வலி வந்தால்

‘தொண்டை வலிக்குது, ரெண்டு வேளைக்கு செட் மாத்திரை குடுங்க’ என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போவது நம் ஊர்களில் அன்றாடம் நடப்பது. ஒரு ஆன்டிபயாடிக், ஒரு வலி மாத்திரை, ஒரு சளி மாத்திரை என்று காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள். இந்தப் பழக்கம் யாருக்குமே நல்லதல்ல. இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தி, ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் அசிட்ரோமோ வார்ஃபாரினோ சாப்பிடுகிறவருக்கு அது உயிருக்கே உலை வைக்கலாம்.

இவர்களில் பலருக்கு நோய் தொடங்கியதே தொண்டையில்தான் என்பது கொடுமை. 5 முதல் 15 வயதுக்குள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டை வலி வந்திருக்கும்; மருந்தில்லாமலே அடங்கியும் இருக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு வீக்கத்தோடு ருமாட்டிக் காய்ச்சல் வரும். கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்புச் சக்தியே இதய வால்வையும் புண்ணாக்கும். வருடங்கள் போனபின் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், கடைசியில் ஆபரேஷன். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையம் உருவாக்கிய வால்வு 1990-இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. விலை குறைவான அந்த வால்வு ஏழைகள் பலருக்கு வாழ்வு கொடுத்தது. ஆனால் எந்த உலோக வால்வானாலும் அதில் ரத்தம் உறைந்து அடைக்கும் அபாயம் உண்டு. அதனால்தான் ஆயுள் முழுக்க மாத்திரை. டாபிகாட்ரான் போன்ற புது மருந்துகள் உலோக வால்வுக்கு ஆகாது.

இந்த மாத்திரையின் அளவு சரியா என்று சொல்வது ஐ.என்.ஆர். சோதனை. மற்றவர்களுக்கு 1 இருக்கும். இவர்களுக்குப் பொதுவாக 2 முதல் 3, மைட்ரல் வால்வு மாற்றியவர்களுக்கு 2.5 முதல் 3.5 இருக்க வேண்டும். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் உடன் சேர்ந்தால் சில நாட்களிலேயே இந்த எண் எகிறி, ரத்தக்கசிவு அபாயம் கூடிவிடும். காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாவிட்டால் வைட்டமின் கே குறைந்து இன்னும் ஏறும். புரூஃபென், டைக்ளோஃபினாக் வகையறா வலி மாத்திரை வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும். அதையே இடுப்பில் ஊசியாகப் போட்டால் தசைக்குள் ரத்தம் கட்டும். வலிக்குப் பாராசிட்டமால் மேல். அதையும் பல நாள் தொடர்ந்தால் ஐ.என்.ஆர். பார்த்தாக வேண்டும்.

இன்னொரு ஆபத்து, வால்வில் கிருமி தங்கிவிடுவது. காய்ச்சலும் தொண்டை வலியும் சேர்ந்து வந்தால் முதலில் ரத்தத்தைக் கிருமிச் சோதனைக்கு எடுத்தாக வேண்டியிருக்கும். அதற்குமுன் விழுங்கிய செட் மாத்திரை அந்தக் கிருமியைச் சோதனையில் தெரியவிடாமல் மறைத்துவிடும்.

அபூர்வமாக, தொண்டை வலியே ரத்தக்கசிவின் அறிகுறியாகவும் இருக்கும். பலமான இருமலாலோ, காரணமே தெரியாமலோ நாக்கின் அடியில், தொண்டையின் பின்புறம், குரல்வளையைச் சுற்றி ரத்தம் கட்டும். பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. குரல் மாறும், எச்சில் விழுங்க முடியாமல் வழியும், நாக்கின் அடி நீலமாக உப்பும். சில மணி நேரத்தில் மூச்சுப்பாதை அடைபடலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். அங்கே வைட்டமின் கே, ரத்தத்தை உறையவைக்கும் மருந்துகள், தேவைப்பட்டால் சுவாசக்குழாய் எல்லாம் கிடைக்கும். நேரத்தோடு போனால் அறுவை இல்லாமலே பலருக்கு வற்றிவிடுகிறது.

பயந்துபோய் மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது. வால்வில் ரத்தம் உறைந்து, மூளைக்குப் போனால் பக்கவாதம். எந்த டாக்டரிடம் போனாலும் தொண்டையைக் காட்டுமுன், வாயைத் திறந்ததும் ‘நான் வால்வு மாத்திரை சாப்பிடுறேன்’ என்று சொல்லிவிடுங்கள், ஐ.என்.ஆர். நோட்டையும் நீட்டுங்கள்.

வால்வு பொருத்தியவர் வீட்டுக் குழந்தைக்குத் தொண்டை வலி வந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால், வலி தொடங்கி 9 நாட்களுக்குள் பென்சிலின் வகை மருந்தை ஆரம்பித்து 10 நாள் முழுதாகக் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடிகிறது.