காலிமுகத்திடலிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை

அத்திப்பட்டில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் மெல்லப் பின்வாங்கும். பிறகு மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை. இந்த வண்டி போய் நிற்கும் கும்மிடிப்பூண்டியில்தான் தமிழகத்தின் பெரிய ஈழத்தமிழர் முகாம்களில் ஒன்று இருக்கிறது. அங்குள்ள ஆண்களில் பலருக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. எங்கே வேலைக்குப் போனாலும் அதிகாரிகள் ஆள் சரிபார்க்கும் ‘செக்கிங்’ நாளில் முகாமில் தலையைக் காட்டியாக வேண்டும்.

இந்த முகாம்களோடு பின்னிக் கிடக்கும் ஒரு தந்தை மகன் கதையை நாம் போதிய அளவு பேசவில்லை என்றே நினைக்கிறேன்.

தந்தை, சா.ஜே.வே. செல்வநாயகம். 1898இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்து, யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் வளர்ந்த கிறிஸ்தவர், வழக்கறிஞர். 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர். மெலிந்த உடம்பு, தணிந்த குரல். பின்னாளில் நடுக்குவாதம் வேறு. ‘ஈழத்துக் காந்தி’ என்று மக்கள் அழைத்தது வெறும் புகழ்ச்சியல்ல.

1956 ஜூன் 5. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்த நாள். கொழும்பு காலிமுகத்திடலில் செல்வநாயகமும் தொண்டர்களும் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கும்பல் பாய்ந்து அடித்தது. போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. திருப்பி அடிக்கக் கூடாது என்பதே தொண்டர்களுக்கு இட்ட கட்டளை. கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் அமிர்தலிங்கம் தலையில் காயத்தோடும் கட்டோடும் அவைக்குள் போனார். 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி என்னும் அரசு அலுவலக வாசலில் மறுபடியும் அதே வழி. ஆண்களும் பெண்களுமாக வாரக்கணக்கில் மறித்து உட்கார்ந்தார்கள். அவசரகாலச் சட்டம் வந்தது. தலைவர்கள் பனாகொடை ராணுவ முகாமில் அடைக்கப்பட்டார்கள். இதற்கிடையே பிரதமர் பண்டாரநாயக்காவுடன் 1957இல் செய்த ஒப்பந்தம் மறு ஆண்டே கிழித்தெறியப்பட்டது. 1965இல் பிரதமர் டட்லி சேனநாயக்காவுடன் செய்ததும் ஏட்டோடு நின்றது.

1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியபோது தலைமை இடத்தில் இருந்தவர் இதே செல்வநாயகம்தான். இருபது ஆண்டு அடிபட்ட அகிம்சையின் கடைசிக் குரலாக அதை நான் வாசிக்கிறேன். இளைஞர்கள் பலருக்கோ அது ஆயுதத்துக்கான அழைப்பாகக் கேட்டது. 1977 ஏப்ரலில் அவர் கண்மூடினார். 1983இல் தமிழர்மீதான வன்முறையில் தீவு பற்றி எரிந்தது.

மகன் சந்திரஹாசன் அப்போது சென்னைக்கு வந்து சேர்ந்தார். அன்றைய சென்னையில் இயக்கங்களுக்கும் ஆயுதத்துக்கும் பஞ்சமில்லை. ‘தந்தை செல்வா’ எனப்பட்ட செல்வநாயகத்தின் மகன் என்ற பெயருக்கு எந்த வாசலும் திறந்திருக்கும். அவர் எடுத்துக்கொண்டதோ அகதிகளுக்கான வேலையை. 1984இல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் தொடங்கியது. 1985 ஆகஸ்டில், இலங்கை அரசோடு தமிழர் தரப்பு நடத்திய திம்புப் பேச்சு முறிந்த கையோடு, இந்திய அரசு அவரை நாடுகடத்தி அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றியது. அங்கே நுழைய மறுத்து அவர் திரும்பி வந்தார், தமிழகமும் கொதித்தது. பிறகு உத்தரவு விலக்கப்பட்டது.

அவருடைய கழகம் செய்த வேலை எதுவும் வீரகாவியத்தில் சேராது. முகாம்களில் மாலை வகுப்பு, கல்லூரிப் படிப்புக்கு உதவி, சத்துக் குறைந்த குழந்தைகளுக்குச் சுருள்பாசி. 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின் முகாம்கள்மீது சந்தேகம் கவிந்தது, கட்டுப்பாடுகள் இறுகின. அந்தக் காலத்தையும் கழகம் தாக்குப்பிடித்தது. 2004 சுனாமியில் தமிழகக் கரையோர மக்களுக்குத் துணையாகப் போனவர்களில் இந்த அகதி இளைஞர்களும் உண்டு.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது பிறப்புச் சான்றிதழ். தமிழக முகாமில் பிறந்த பிள்ளைக்கு அந்தத் தாளை வாங்கி, இலங்கைத் தூதரகத்தில் பதிந்து, அது எந்த நாட்டுப் பிள்ளை என்பதை எழுத்தில் உறுதிசெய்யும் அலுப்பான வேலை. காலிமுகத்திடலில் அடிவாங்கியவர்கள் கேட்டதும் சட்டத்தின் முன் ஓர் இடத்தைத்தான். 2019இல் இந்தியா குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் அகதிகளில் சில சமயத்தாருக்கு வழி திறந்தது. இலங்கைத் தமிழரை அதில் சேர்க்கவில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இப்போது பெயின்ட் பிரஷ்ஷோடு வேலைக்குப் போகும் தலைமுறையின் குடியுரிமை விண்ணப்பத்துக்கு டெல்லி இனியாவது பதில் சொல்ல வேண்டும்.