மாரியைத் தாங்கும் குறுக்குப் பலகை வேலி

நமது கிராமங்களில் வேலி என்பது வெறும் எல்லைக் கோடு அன்று. வீட்டுத் தோட்டத்தின் காவலும், அயலவருடன் உள்ள உறவின் அளவுகோலும் அதுவே. வேலி சரிந்தால் கட்டாக்காலி மாடு உள்ளே வரும். மாட்டைத் தொடர்ந்து வழக்கும் வரும். எனவே வேலி அடைக்கும் முறையைப் பற்றிப் பேசுவது சிறிய விடயத்தைப் பற்றிப் பேசுவதாகாது.

இக்கட்டுரையை நாம் எழுதுவதற்குக் காரணம் நாம் விட்ட ஒரு தவறு. வன்னியில் 2009க்குப் பின் மீளக்குடியமர்ந்த ஒரு கிராமத்தில், பெண்கள் குழு ஒன்றுடன் சேர்ந்து வீட்டுத்தோட்டத் திட்டமொன்றை ஆரம்பித்தோம். கிடுகுக்கும் பனையோலைக்கும் அங்கு தட்டுப்பாடு. ஆண்டுதோறும் வேலி அடைப்பதற்குக் கூலியும் கட்டுப்படியாகாது. ஆகவே, தூண் நட்டுப் பலகைகளைக் குறுக்காக அறைந்து வேலி அமைக்கும்படி நாமே ஆலோசனை கூறினோம்; சிறு கடனும் பெற்றுக்கொடுத்தோம். கோடையில் வேலைகள் முடிந்தன. பார்வைக்கு அழகாகவே இருந்தது. மூன்றாவது மாரியில் தூண்கள் நிலமட்டத்தில் முறிந்தன. ஒரே இரவில் மாடுகள் புகுந்து மிளகாய்க் கன்றுகளை மிதித்து அழித்துவிட்டன. “வேலி விழுந்திட்டுது, கடன்தான் இன்னும் நிக்குது” என்று ஒரு தாய் சொன்னார். அதற்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

பின்னர் தச்சர்களிடமும், மாட்டுப் பட்டி கட்டிப் பழகிய முதியவர்களிடமும் கேட்டு அறிந்தவற்றையும், மரத்தின் இயல்பு பற்றி நூல்கள் கூறுவனவற்றையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

மரம் ஏன் உக்குகிறது?

மழைநீர் மட்டும் மரத்தை உக்கச் செய்வதில்லை. உக்கச் செய்வது பங்கசு எனப்படும் பூஞ்சணம். அது வாழ்வதற்கு நான்கு வேண்டும்: உணவு, காற்று, வெப்பம், ஈரம். உணவு மரமே. காற்றும் வெப்பமும் நமது நாட்டில் எப்போதும் உண்டு. நம்மால் கட்டுப்படுத்தக்கூடியது ஈரம் ஒன்றையே. மரத்தின் ஈரப்பதன் ஏறக்குறைய 20 சதவீதத்திற்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சணம் வளராது. மழையில் நனைந்த பலகை விரைவில் காய்ந்துவிட்டால் பாதிப்பு மிகச் சிறிது. நனைந்த பலகை நாட்கணக்கில் ஈரமாகவே இருந்தால்தான் ஆபத்து.

நிலத்தில் நட்ட கட்டை எப்போதும் நிலமட்டத்திலேயே முறிவதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். ஆழத்தில் காற்றுக் குறைவு. மேலே ஈரம் குறைவு. நிலமட்டத்தில் இரண்டும் போதிய அளவு கிடைக்கின்றன. கறையானும் அவ்விடத்தில்தான் ஏறுகிறது. எமது தூண்கள் முறிந்ததும் அங்கேதான்.

வடக்கு கிழக்கில் ஒக்டோபர் தொடக்கம் சனவரி வரை பெய்யும் மழையில் மண் வாரக்கணக்கில் ஊறிக் கிடக்கும். மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் தென்மேற்கிலும் நிலைமை இன்னும் கடினம். ஈரவலயத்தில் ஆண்டு மழைவீழ்ச்சி 2500 மில்லிமீற்றருக்கு மேல். அங்கு மரம் காய்வதற்கு நீண்ட கோடை என்று ஒன்று கிடைப்பதில்லை. எனவே கீழே கூறப்படுபவை ஈரவலயத்தில் இருப்போருக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

குறுக்குப் பலகையின் தனிக்குறை

நெடுக்காக நிறுத்திய பலகையில் நீர் வழிந்து கீழே போய்விடும். குறுக்காக அறைந்த பலகையில் அப்படியன்று. அதன் மேல்விளிம்பில் நீர் தங்கும். தூணும் பலகையும் ஒட்டும் இடத்தில் நீர் புகுந்து வெளியேற வழியின்றி நிற்கும். பலகையின் வெட்டுமுகம், அதாவது அறுத்த முனை, பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். இவ்வாறு மூன்று இடங்களில் குறுக்குப் பலகை நோய்வாய்ப்படுகிறது: மேல்விளிம்பு, தூண் தொடும் இடம், முனை.

ஆயினும் குறுக்குப் பலகைக்குரிய நன்மையும் உண்டு. மாடு உராய்ந்து தள்ளினாலும் பாரம் இரு தூண்களுக்கும் பகிரப்படும். ஒரு பலகை பழுதானால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். பட்டிகளிலும் கண்டாயங்களிலும் நம் முன்னோர் மரங்களைக் குறுக்காக இட்டது இதனாலேயே.

எந்த மரம்?

மரத்தின் பெயரைவிட அதன் வைரமே முக்கியம். மரத்தின் நடுப்பகுதியான வைரத்தில் பூச்சியையும் பூஞ்சணத்தையும் எதிர்க்கும் இயற்கைப் பொருட்கள் உள்ளன. வெளிப்புற வெளிறில் அவை இல்லை. முதிரையாயினும் தேக்காயினும் வெளிறு விரைவில் உக்கும். எமது திட்டத்தில் தூண்களாக நட்டவை இளந்தேக்குக் கம்புகள். “தேக்கு” என்ற பெயரை நம்பினோம். இளங்கம்பில் பெரும்பகுதி வெளிறே என்பதை எண்ணவில்லை.

முதிரை, பாலை ஆகியவற்றின் வைரம் மிக நல்லது; ஆனால் விலை அதிகம். பனையில் வெளிப்புறத்துக் கறுத்த வைரம் உறுதியானது. உள்ளே உள்ள மென்மையான பகுதியைச் செதுக்கி நீக்கிவிட வேண்டும். தென்னையும் அவ்வாறே; வெளிச்சுற்றுப் பலகையை நிலத்தில் படாதவாறு பாவிக்கலாம். மா, இறப்பர் போன்றவற்றை மருந்தூட்டாமல் வெளியில் வைத்தால் விரைவில் கெட்டுவிடும். எந்த மரமாயினும் தறிப்பதற்கும் ஏற்றி இறக்குவதற்கும் உரிய அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். மரக்காலையில் வாங்கினால் பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருங்கள்.

பச்சைப் பலகையை உடனே அறையக்கூடாது. காயும்போது மரம் அகலத்தில் சுருங்கும். நீளத்தில் சுருக்கம் மிகச் சிறிது. பச்சையாக இருக்கும்போது இறுக்கி அறைந்த பலகை பின்னர் வெடிக்கும், முறுகும். பங்குனி அளவில் அரிந்து, நிழலில் நிலத்திலிருந்து ஓரடி உயர்த்தி, பலகைகளுக்கிடையே சிறு குச்சிகள் வைத்து அடுக்குங்கள். சோளகக் காற்று நேரே அடித்தால் முனைகள் பிளக்கும். முனைகளில் பழைய பெயின்ற் பூசிவிடுங்கள். ஓர் அங்குலப் பலகை நல்ல கோடையில் இரண்டு மூன்று மாதங்களில் பாவனைக்கு ஏற்றதாகிவிடும். ஆவணியில் வேலியைத் தொடங்கினால் மழைக்கு முன் முடித்துவிடலாம்.

நிலத்திற்குள் மரம் வேண்டாம்

எமது அனுபவத்தில் இதுவே தலையாய பாடம். மண்ணைத் தொடும் பகுதி கொங்கிறீற்றாக இருக்கட்டும். மண்ணுக்கு மேலே உள்ளது மரமாக இருக்கட்டும்.

முட்கம்பி வேலிக்குப் பாவிக்கும் நாலங்குலச் சதுரக் கொங்கிறீற்றுத் தூணையே இதற்கும் பாவிக்கலாம். குழுவாகச் சேர்ந்தால் பலகை அச்சுச் செய்து நீங்களே வார்க்கலாம். சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, சல்லி நான்கு பங்கு. உள்ளே நான்கு மூலைகளிலும் கம்பி. பலகை வரும் உயரங்களில் அரை அங்குலப் பி.வி.சி. குழாய்த் துண்டுகளை அச்சுக்குள் குறுக்காக வைத்து வார்த்தால், போல்ட் செலுத்தத் துளை கிடைத்துவிடும். வார்த்தபின் குறைந்தது ஏழு நாட்கள் நனைத்த சாக்கினால் மூடி வையுங்கள். இதில் அவசரப்பட்டால் தூண் வலுவிழக்கும்.

தூண் ஏழடி நீளமானால் இரண்டடி மண்ணுக்குள் போகட்டும். மணற்பாங்கான இடத்தில் இன்னும் அரையடி கூட்டுங்கள். மூலைத் தூண்களுக்கும் படலைத் தூண்களுக்கும் முட்டுக் கொடுக்க வேண்டும். தூணுக்குத் தூண் ஆறடிக்கு மேல் போகவேண்டாம். எட்டடி விட்டால் ஒரு தூண் மிச்சமாகும் என்று நாமும் கணக்குப் போட்டோம். பலகைகள் நடுவில் தொய்ந்தன.

மரத்தூண்தான் கைக்கு எட்டும் என்போர் முற்றிய வைரத்தைத் தெரிந்து, குழியின் அடியில் ஒரு சாண் சல்லியிட்டு, தூணைச் சுற்றிச் சல்லியும் மண்ணுமாக இடித்து இறுக்குங்கள். நிலமட்டத்தில் மண்ணைக் குவித்து, நீர் வெளியே ஓடும்படி சரித்து விடுங்கள். தூணைச் சுற்றிக் கிண்ணம்போல் சீமெந்து பூசுவது தவறு. அக்கிண்ணத்தில் நீர் தேங்கும். தூணின் தலையைச் சரிவாக வெட்டுங்கள். அடிக்கட்டையை நெருப்பில் கரிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. வெளியே கரிந்தாலும் வெடிப்புகளின் வழியே ஈரமும் கறையானும் உட்செல்லும். அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

பலகை பொருத்தும் முறை

1. மிகக் கீழேயுள்ள பலகை நிலத்திலிருந்து நான்கு அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். மழைத்துளி தெறிக்கும் சேறு பலகையில் ஒட்டுவது குறையும். கறையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும். ஆட்டுக்குட்டி நுழையும் என்று அஞ்சுவோர் அவ்விடைவெளியில் கல் அடுக்கலாம். மண் அணைக்க வேண்டாம்.

2. ஒவ்வொரு பலகையின் மேல்விளிம்பையும் சீவுளியால் ஒரு பக்கம் சரித்துச் சீவுங்கள். இந்தச் சிறு வேலை பலகையின் ஆயுளைக் கூட்டும்.

3. மறைப்புக்கான வேலியாயினும் பலகைக்குப் பலகை அரை அங்குல இடைவெளி விடுங்கள். காற்றுப் புகுந்தால் பலகை காயும். வாடைக் காற்றும் வேலியைத் தள்ளாமல் ஊடறுத்துச் செல்லும். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பு மக்களுக்குக் காற்றின் பலத்தை நாம் சொல்லத் தேவையில்லை. மாட்டை மட்டும் தடுப்பதற்கு நான்கு பலகைகளை அகல இடைவெளியில் வைத்தாலே போதும்.

4. தூணுக்கும் பலகைக்கும் இடையே ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு தடித்த வாசரைச் செலுத்துங்கள். அந்தச் சிறு இடைவெளியால் நீர் வழிந்து போய்விடும்.

5. மாடு எந்தப் பக்கத்தில் நிற்குமோ அந்தப் பக்கத்தில் பலகையைப் பொருத்துங்கள். மாடு தள்ளும்போது பலகை தூணில் பதியும். மறுபக்கத்தில் பொருத்தினால் ஒவ்வொரு தள்ளும் ஆணியைப் பிடுங்கும்.

6. இரு பலகைகள் ஒரே தூணில் சந்திக்கும்போது முனைகளை முட்டவிடாமல் கால் அங்குலம் விடுங்கள். துளையை முனையிலிருந்து ஓர் அங்குலத்திற்கு மேல் தள்ளி இடுங்கள். நாலங்குலத் தூணில் இதற்கு இடம் போதாதாயின், ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவதே நல்லது. அறுத்த ஒவ்வொரு முனைக்கும், இட்ட ஒவ்வொரு துளைக்கும் பொருத்துவதற்கு முன்னரே எண்ணெயோ பெயின்றோ பூசுங்கள்.

7. ஆணியும் போல்ட்டும் நாகம் பூசியவையாக இருக்கட்டும். சாதாரண இரும்பு துருப்பிடித்து, அத்துருவே சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். கடலோரக் கிராமங்களில் உப்புக்காற்றில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

கழிவெண்ணெய் வேண்டாம்

வாகனங்களிலிருந்து கழிக்கும் எண்ணெயைத் தூண்களுக்குப் பூசும் வழக்கம் எங்கும் உண்டு. மலிவானது என்பது உண்மையே. ஆயினும் அதில் பார உலோகங்களும் நஞ்சுகளும் கலந்துள்ளன. மழையில் கழுவப்பட்டு மண்ணுக்குள் இறங்கும். யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது கிணற்றைச் சேர அதிக காலம் எடுக்காது. சுன்னாகத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக 2015 அளவில் மக்கள் பட்ட அல்லலை மறக்க வேண்டாம். நாம் குடிக்கும் நீரைக் கெடுத்து வேலியைக் காப்பது அறிவுடைமை அன்று.

ஆர்செனிக்கு கலந்த மருந்தூட்டிய மரத்துண்டுகளை ஒருபோதும் அடுப்பில் எரிக்கக் கூடாது; புகையும் சாம்பலும் நஞ்சு. போரக்சு மருந்து மனிதருக்குத் தீங்கு குறைந்தது. ஆயினும் மழையில் கரைந்துபோகும். அதன் மேல் பெயின்றோ எண்ணெயோ பூசினால்தான் நிலைக்கும். தடித்த பெயின்றைவிட மரத்துக்குள் ஊறும் எண்ணெய்ப் பூச்சு நல்லது. பெயின்ற் வெடித்தால் உள்ளே புகுந்த நீர் வெளியேற முடியாமல் நிற்கும். எண்ணெயை ஆண்டுக்கொருமுறை ஆவணியில் மீண்டும் பூசலாம்.

ஆண்டுக்கு ஒரு நாள்

மாரிக்கு முன் ஒரு நாளை வேலிக்கென ஒதுக்குங்கள். அடியில் சேர்ந்த சருகையும் மண்ணையும் விலக்குங்கள். படர்ந்த கொடிகளை வெட்டுங்கள். கொடியின் நிழலில் பலகை காயாது. கறையான் மண்கூடுகளை உடைத்துவிடுங்கள். மரத்தூணாயின் நிலமட்டத்தில் கத்திமுனையால் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால் அந்தத் தூணின் காலம் முடிந்துவிட்டது. மழையில் விழும்வரை காத்திராது உடனே மாற்றுங்கள்.

நடுவதற்கு முன் எல்லையையும் தீர்த்துக்கொள்ளுங்கள். கிடுகு வேலியை ஒரு முழம் நகர்த்துவது எளிது. கொங்கிறீற்றுத் தூணை நகர்த்துவது கடினம். அயலவரை அழைத்து, உறுதியைப் பார்த்து, ஐயமிருப்பின் நில அளவையாளரைக் கொண்டு அளந்து, கயிறு கட்டியபின் குழி வெட்டுங்கள். பொது எல்லையாயின் செலவை இருவரும் பகிரலாம்.

முழு வேலிக்கும் பணம் போதாதா? தோட்டத்தின் மாடு வரும் பக்கத்தை மட்டும் இவ்வாறு அமைத்து, மற்றப் பக்கங்களில் கிளுவை, பூவரசு, முள்முருங்கைக் கதியால்களை நடுங்கள். உயிருள்ள கதியால் உக்குவதில்லை, குழையும் தரும். ஆனால் அதில் பலகையை அறைய வேண்டாம். மரம் பருக்கும்போது ஆணியையும் பலகையையும் தள்ளிவிடும்.

அந்தக் கிராமத்துக்கு நாம் மீண்டும் சென்றோம். கடனின் மீதியை எமது பொறுப்பில் ஏற்றோம். அது நாம் செய்ய வேண்டியதே. பெண்கள் தாமே அச்சுச் செய்து தூண்களை வார்த்தனர். விழுந்த வேலியின் பலகைகளில் நல்லவற்றைத் தெரிந்து மீண்டும் பாவித்தனர். நிலமட்டத்தில் தூண்கள் முறிந்திருந்தாலும், மேலேயிருந்த பலகைகளிற் பெரும்பாலானவை நன்றாகவே இருந்தன. பிழை மரத்தில் இல்லை. மரத்தை நாம் மண்ணில் நிறுத்திய விதத்திலேயே இருந்தது.

ஒரு திட்டத்தின் தரத்தை அது திறந்துவைக்கப்படும் நாளில் அளக்க முடியாது. மூன்றாவது மாரி கழிந்தபின் சென்று பார்க்க வேண்டும். மக்களுக்கு ஆலோசனை கூறும் நாம் அனைவரும் மனத்திற் கொள்ளவேண்டியது இது.