சினை நிற்காத மாடும் 21 நாள் மருந்தும்

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து மூலிகை கப்பலேறுவது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. சுற்றுவட்டார மானாவாரி நிலங்களில் விளைந்த நிலாவரை ‘திருநெல்வேலி சென்னா’ என்ற பெயரில் ஐரோப்பிய மருந்துக் கடைகள் வரை போயிருக்கிறது. நித்தியகல்யாணியும் அதே வழியில் போனது. காய்ந்த சருகுக்கு இத்தனை கிராக்கி உள்ள சீமையில், பச்சையாகவே கொடுக்க வேண்டிய இன்னொரு மருத்துவமும் இருக்கிறது. அது மாட்டுத் தொழுவத்தைத் தாண்டிப் போவதில்லை.

பால்மாடு வளர்ப்பவரை நோயைவிட அதிகம் கலங்கவைப்பது சினை நிற்காமைதான். பார்வைக்கு மாடு நன்றாகத்தான் இருக்கும். பருவத்துக்கு வரும், கத்தும், கண்ணாடி போல் வழும்பு தள்ளும், சினை ஊசியும் போட்டாயிற்று. ஆனால் 21 நாள் கழித்து மறுபடி கத்தும். மூன்று ஊசிக்கும் நிற்காவிட்டால் அந்த மாட்டைக் கால்நடை மருத்துவர்கள் தனிக் கணக்கில் வைக்கிறார்கள். பால் வற்றிவிடும், தீவனச் செலவு மட்டும் நிற்காது. கடைசியில் மாடு அடிமாட்டுச் சந்தைக்குப் போகும். காரணம் ஒன்றல்ல: கருப்பையில் வெளியே தெரியாத அழற்சி, தாது உப்புக் குறைவு, ஹார்மோன் கோளாறு, நேரம் தவறிப் போட்ட ஊசி. தூத்துக்குடி வெயிலில் இன்னொன்றும் சேரும். கோடையில் கலப்பின மாடுகள் பருவத்தை வெளியே காட்டாமலே கடந்துவிடும். ஊமைப் பருவம் என்பது அதுதான்.

இதற்கான மூலிகை முறையை ஒழுங்குபடுத்திப் பரப்பியதில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்துக்கும், அங்கே பணியாற்றிய பேராசிரியர் ந. புண்ணியமூர்த்திக்கும் பெரும் பங்குண்டு. தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் பின்னர் இதைக் கையிலெடுத்து மற்ற மாநிலங்களுக்குக் கொண்டுபோனது.

பருவம் தெரிந்த முதல் நாளோ இரண்டாம் நாளோ தொடங்க வேண்டும். முதல் ஐந்து நாளும் தினம் ஒரு வெள்ளை முள்ளங்கி. அடுத்த நான்கு நாள் தினம் ஒரு சோற்றுக் கற்றாழை மடல். பிறகு நான்கு நாள் முருங்கைக் கீரை, அதன்பின் நான்கு நாள் பிரண்டைத் தண்டு, கடைசி நான்கு நாள் மஞ்சள் சேர்த்த கறிவேப்பிலை. இவை மூன்றும் நாளுக்கு நான்கு கைப்பிடி. எதுவானாலும் வெல்லமும் உப்பும் சேர்த்து, ஒரு வேளை வாய்வழியாக. கூட்டிப் பாருங்கள்: 21 நாள். ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவம் வரை மாட்டின் உடல் சுற்றிவருகிற காலமும் அதுவே. கைக்குக் கிடைத்த தழையைக் கிடைத்த நாளில் கொடுப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இந்த வரிசைதான். என் மதிப்பில் இந்த முறையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

ஏன் பலிக்கிறது என்பதற்குச் சில விளக்கங்கள் சொல்லலாம். முருங்கைக் கீரையில் புரதமும் தாதுக்களும் பீட்டா கரோட்டினும் மிகுதி. சினைப்பையில் கருவைக் காக்கும் ஹார்மோன் சுரக்கும் திசுவுக்குப் பீட்டா கரோட்டின் வேண்டும். மஞ்சள் அழற்சியைத் தணிக்கும். பிரண்டையில் சுண்ணாம்புச் சத்து உண்டு, அதோடு தொண்டையை அரிக்கும் குணமும் உண்டு. வெறுமனே கொடுத்தால் மாடு துப்பிவிடும். ஆனால் முழு வரிசையும் சேர்ந்து எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பெரிய அளவிலான ஒப்பீட்டுச் சோதனைகள் இன்னும் போதவில்லை. பலன் கண்டவர்களின் அனுபவமே இப்போதைக்குப் பெரும்பகுதி ஆதாரம். சினை பிடித்த மாட்டுக்கு இதைக் கொடுக்கவும் கூடாது, கற்றாழை கருப்பையைத் தூண்டக்கூடியது. முன்பே ஊசி போட்ட மாடென்றால் முதலில் சினைப் பரிசோதனை.

சரக்குக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. கற்றாழைக்கும் முருங்கைக்கும் சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண் போதும், பிரண்டை வேலியில் படர்ந்து கிடக்கும். உப்பளம் கண்ணுக்கெட்டிய தூரம். வெல்லத்துக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டியைப் போட்டாலும் மாடு குறை சொல்லப் போவதில்லை, விலையைக் கேட்டால் நாம்தான் சொல்வோம்.

மடிவீக்கத்துக்கும் இதே மருத்துவத்தில் ஒரு பூச்சு உண்டு. அதற்கு வேண்டிய சுண்ணாம்பும் இந்தக் கரையோரத்துக்குப் பழகிய பொருள்தான். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவுவார்களே, அதே சுண்ணாம்பு. கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைத்து, பால் பீய்ச்சிக் கழுவிய மடி முழுக்க நாளுக்குப் பத்துத் தடவை பூசுவார்கள், ஐந்து நாளுக்கு. நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்ட மாட்டின் பாலைச் சில நாள் விற்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்று நினைத்தால் இந்தப் பூச்சின் அருமை புரியும்.

கன்று போட்ட மாட்டுக்கு வேறு கைவைத்தியம். ஈன்ற இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முள்ளங்கி. எட்டு மணி நேரமாகியும் நஞ்சுக்கொடி விழாவிட்டால் ஒன்றரைக் கிலோ வெண்டைக்காயை நறுக்கி, வெல்லமும் உப்பும் கூட்டிக் கொடுப்பார்கள். அப்போதும் விழவில்லையா? தொங்கும் கொடியை அடிப்பக்கமாக முடிச்சுப்போட்டு, முடிச்சுக்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டிவிட்டு, மிச்சத்தைத் தானாக விழ விட வேண்டும் என்கிறது இந்த முறை. கையை விட்டு இழுப்பதும், கொடியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும்தான் பெரிய கேடு. கருப்பை உட்சுவர் கிழிந்து சீழ் பிடித்தால் அடுத்த சினைக்கே வழியிருக்காது.

மூலிகைக்கு எட்டாத இடங்களும் உண்டு. வழும்பு தெளிவில்லாமல் சீழோடு வந்தாலோ, மாடு தீனி எடுக்காமல் காய்ச்சலில் கிடந்தாலோ மருத்துவரை அழைத்துவிட வேண்டும். நிறைமாதம் நெருங்கும்போது கன்று வீசினால் புருசெல்லா தொற்று இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை அவசியம். அந்தக் கிருமி மனிதருக்கும் தொற்றும், அதனால் விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல், நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். சோதனை முடிவு வரும்வரை அந்த வீட்டில் பச்சைப்பால் யாரும் குடிக்கக் கூடாது.