தார் வாங்க ஆசையா? கியருக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தக் குட்டி லிவரின் கதையைத் தெரிஞ்சுக்கோங்க!

தேனி மாவட்டம் போடியில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு கொண்டை ஊசி வளைவுகள் வழியாக இடுக்கி மலைக்கு அவை ஏறும். அதே நேரத்தில் சென்னை ஈசிஆரில் பளபளக்கும் ஒரு தார், பெரிய டயரும் சத்தமான பாட்டுமாக மகாபலிபுரம் பக்கம் போய்க்கொண்டிருக்கும்.

இரண்டுமே ஒரே குடும்பத்து வண்டிகள்தான். ஒன்று பிழைப்புக்கு, இன்னொன்று ஆசைக்கு. ஆசைக்கு வாங்குகிறவர்களில் பலருக்கும் கியர் லிவருக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது குட்டி லிவர் எதற்கு என்றே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் லட்சக்கணக்கில் பணம் போடலாமா? முதலில் இந்த வண்டி எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம்.

49 நாளில் பிறந்த வண்டி

1940-ஆம் ஆண்டு. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. எந்த நேரமும் போரில் இறங்க வேண்டி வரலாம் என்ற நிலையில் இருந்த அமெரிக்க ராணுவம், சேற்றிலும் மேட்டிலும் போகக்கூடிய ஒரு சின்ன வண்டி வேண்டும் என்று 135 நிறுவனங்களுக்கு அழைப்பு அனுப்பியது. நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போக வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும், முதல் வண்டி 49 நாளில் வந்து நிற்க வேண்டும் என்பது நிபந்தனை.

பெரிய கம்பெனிகள் தயங்கின. 49 நாள் கெடுவுக்கு ஒப்புக்கொண்டது பென்சில்வேனியாவைச் சேர்ந்த அமெரிக்கன் பேண்டம் என்ற, கிட்டத்தட்ட நொடித்துப்போயிருந்த சின்ன நிறுவனம் மட்டும்தான். கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் சில நாட்களில் வரைபடத்தை முடித்தார். 1940 செப்டம்பர் 23-ஆம் தேதி, கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது வண்டி ராணுவ முகாமுக்குள் நுழைந்தது என்று சொல்வார்கள்.

வண்டி ராணுவத்துக்குப் பிடித்துப்போனது. ஆனால் அந்தச் சின்ன கம்பெனியால் லட்சக்கணக்கில் செய்து தர முடியுமா என்ற சந்தேகம் வந்தது. பேண்டத்தின் வரைபடங்களை வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்களிடமும் ராணுவம் காட்டியது. பெரிய ஆர்டர்கள் அந்த இருவருக்கே போயின. போர் முடிவதற்குள் இருவரும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் ஜீப்புகளைத் தயாரித்தார்கள். பேண்டத்துக்குக் கிடைத்ததோ, பெரும்பாலும் ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லர் செய்யும் வேலை! கண்டுபிடித்தவனை விட்டுவிட்டு ஊர் வேறு யாரையோ கொண்டாடுவது புதுசா என்ன?

"ஜீப்" என்ற பெயர் எப்படி வந்தது என்பதில் இன்றுவரை சண்டைதான். ஃபோர்டு வைத்த "ஜிபி" என்ற குறியீட்டிலிருந்து வந்தது என்பார்கள். பாப்பாய் கார்ட்டூனில் வரும், எங்கு வேண்டுமானாலும் போகக்கூடிய "ஜீப்" என்ற விலங்கின் பெயர் என்றும் சொல்வார்கள். 1941-இல் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிக்கட்டில் இந்த வண்டியை ஏற்றிக் காட்டினார்கள். அந்தச் செய்தியோடு பெயரும் ஊரெல்லாம் பரவியது.

இந்தியாவுக்கு எப்படி வந்தது?

1945-இல் "மஹிந்திரா அண்ட் முகமது" என்ற பெயரில் ஓர் இரும்பு வியாபார நிறுவனம் தொடங்கியது. பங்குதாரரான மாலிக் குலாம் முகமது, தேசப் பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார், பின்னர் கவர்னர் ஜெனரலும் ஆனார். இங்கே இருந்த மஹிந்திரா சகோதரர்கள் 1948-இல் நிறுவனத்தின் பெயரை "மஹிந்திரா அண்ட் மஹிந்திரா" என்று மாற்றினார்கள். வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து மும்பையில் பூட்டி விற்கத் தொடங்கினார்கள். நாளடைவில் பாகங்களும் இங்கேயே தயாராகின.

ரோடே சரியாக இல்லாத நாட்டில் இந்த வண்டிக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. போலீஸ், வனத்துறை, தாசில்தார், பி.டி.ஓ. எல்லோருக்கும் ஜீப்தான். இன்றைக்கு அதிகாரி பொலிரோவில் வந்து இறங்கினாலும் கிராமத்தில் "கலெக்டர் ஜீப்பு வருது" என்றுதான் சொல்வார்கள். 1980-களில் வந்த எம்.எம்.540, பிரான்ஸின் பூஜோ வடிவமைத்த டீசல் இன்ஜினோடு மலைப் பகுதிகளில் பெயர் வாங்கியது. பிறகு கமாண்டர், மேஜர் என்று வரிசை நீண்டது.

போட்டியே இல்லை என்று சொல்ல முடியாது. 1985-இல் வந்த மாருதி ஜிப்சி எடை குறைவு என்பதால் ராணுவத்துக்கும் ரேலி ஓட்டுநர்களுக்கும் செல்லப்பிள்ளையானது. ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் நிசான் வடிவமைப்பில் செய்யப்பட்ட ஜோங்கா இன்னொன்று. தோனி 2019-இல் வாங்கி ராஞ்சியில் ஓட்டினாரே, அதேதான்.

2010-இல் வந்தது தார். ரோட்டுக்குப் போடும் தார் இல்லைங்க, ராஜஸ்தான் பாலைவனத்தின் பெயர். முதல் தாரில் ஏர்பேக் கிடையாது, பின்னால் எதிரெதிராக உட்காரும் பெஞ்ச் சீட்டுதான். 2020-இல் வந்த இரண்டாம் தலைமுறைதான் கதையை மாற்றியது. ஆட்டோமேட்டிக் கியர், டச் ஸ்கிரீன், குளோபல் என்.சி.ஏ.பி. விபத்துச் சோதனையில் 4 ஸ்டார் என்று வந்ததும், அதுவரை ஜீப் பக்கமே திரும்பாதவர்கள்கூட புக்கிங் செய்தார்கள். 2024-இல் ஐந்து கதவுகளோடு தார் ராக்ஸ் வந்தது.

இதற்கிடையே வேடிக்கை ஒன்று நடந்தது. வில்லிஸ் ஜீப்பின் சாயலில் "ராக்ஸர்" என்ற வண்டியை மஹிந்திரா அமெரிக்காவிலேயே விற்கத் தொடங்கியது. ஜீப் பிராண்டை அப்போது வைத்திருந்த ஃபியட் கிறைஸ்லர், "இது எங்க முகம்" என்று 2018-இல் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையத்தில் புகார் கொடுத்தது. 2020-இல் ஆணையம் பழைய வடிவத்துக்குத் தடை போட்டது. முகத்தை மாற்றிச் செய்த பிறகு அதே ஆண்டு இறுதியில் அனுமதி கிடைத்தது.

சரி, அந்தக் குட்டி லிவர் எதற்கு?

சாதாரண காரில் இன்ஜின் சக்தி இரண்டு சக்கரத்துக்குத்தான் போகும். அந்த இரண்டும் சேற்றில் வழுக்கினால் கதை முடிந்தது. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் அந்த லிவரைத் தள்ளினால் நான்கு சக்கரமும் இழுக்கும். சில புதிய மாடல்களில் லிவருக்குப் பதில் சுவிட்ச் இருக்கும்.

அதில் இரண்டு நிலை உண்டு. "ஃபோர் ஹை" என்பது மண் பாதை, மணல், ஈரப் புல் போன்ற இடங்களில் ஓரளவு வேகமாகப் போவதற்கு. "ஃபோர் லோ" என்பது ஏற்றத்துக்கும் பாறைக்கும். வேகம் குறைந்துவிடும், ஆனால் சக்கரத்துக்குப் போகும் இழுவை ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். செங்குத்தான இறக்கத்தில் ஃபோர் லோவில் முதல் கியரைப் போட்டுவிட்டால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்காமல் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மலை ஜீப் டிரைவர்களின் பிழைப்பே இதில்தான் இருக்கிறது.

இங்கேதான் புது ஓனர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். "நாலு சக்கரமும் இழுத்தா நல்லதுதானே" என்று காய்ந்த தார் ரோட்டிலும் ஃபோர் வீலைப் போட்டு ஓட்டுகிறார்கள். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் சுற்ற வேண்டும். தார் போன்ற வண்டிகளில் ஃபோர் வீல் போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டப்பட்டுவிடும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த ரோட்டில் வழுக்க முடியாது. அந்த முறுக்கு எல்லாம் கியருக்கும் ஆக்சிலுக்கும் போகும். திருப்பத்தில் வண்டியை யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருக்கும். டயர் சீக்கிரம் தேயும், உள்ளே இருக்கும் பாகங்கள் பழுதாகும்.

இன்னொரு விஷயம். ஃபோர் வீல் வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. எல்லா காருக்கும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. மழையில் "என்கிட்ட ஃபோர் வீல் இருக்கு" என்று வேகமாகப் போவது வெறும் தைரியம்தான்.

புக்கிங் செய்வதற்கு முன் இதையும் பாருங்க. 2023 ஜனவரி முதல் தார், பின் சக்கர டிரைவ் மட்டும் உள்ள மலிவு வகையிலும் வருகிறது. பார்வைக்கு அதே வண்டி. ஆனால் அந்தக் குட்டி லிவரே இதில் கிடையாது! சிட்டிக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு இது தப்பில்லை, காசு மிச்சம்தான். ஆனால் மலைக்குப் போகலாம் என்று வாங்கிவிட்டு அப்புறம் தேடக் கூடாது.

வெள்ளத்தில் போகுமா?

சென்னைக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வியே இதுதான். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் பார்த்தவர்கள் கேட்காமல் என்ன செய்வார்கள்? 2020 தார் 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரைக் கடக்கும் என்று நிறுவனம் சொல்கிறது. அதாவது பெரியவர்களின் முழங்காலுக்கும் மேல்.

ஆனால் அது நின்ற தண்ணீரில், மெதுவாகப் போகும்போது. ஓடுகிற வெள்ளம் வேறு. சுமார் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் வேகமாக ஓடும் வெள்ளமே பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போய்விடும் என்று அமெரிக்க வானிலைத் துறை எச்சரிக்கிறது. எஸ்.யூ.வி.யும் அதில் அடக்கம். தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடினால் தாராக இருந்தாலும் திரும்பிவிடுங்க.

நின்ற தண்ணீரிலும் நடுவில் இன்ஜின் ஆஃப் ஆனால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தால், பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். செலவு லட்சத்தைத் தாண்டலாம். சாதாரண ஃபுல் இன்சூரன்ஸில் பொதுவாக இதற்குப் பணம் கிடைக்காது. "இன்ஜின் புரொடெக்ட்" என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். அதிலும் நிபந்தனைகளைப் படித்துக்கொள்ளுங்க. தண்ணீரில் ஓட்டிய பிறகு மெக்கானிக்கிடம் ஆக்சில் ஆயிலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்க. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

தினமும் ஓட்டினால் எப்படி இருக்கும்?

மூன்று கதவு தாரில் பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கி ஏற வேண்டும். புடவை கட்டிய அம்மாவை, முழங்கால் வலி உள்ள அப்பாவை ஷோரூமுக்கே கூட்டிப்போய் ஒருமுறை ஏறச் சொல்லிப் பாருங்க. நாலு பேர் உட்கார்ந்துவிட்டால் பெட்டி வைக்க இடமில்லை. செங்கல் மாதிரி வடிவம் என்பதால் ஹைவேயில் காற்றுச் சத்தம் அதிகம், எரிபொருளும் அதிகம். பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கை நகர நெரிசலில் ஓட்டினால் மைலேஜ் ஒற்றை இலக்கத்துக்கு இறங்குவது சகஜம்.

உயரமான வண்டி என்பதால் கார் மாதிரி வளைவில் வீச முடியாது. பாறையில் அடி தட்டாமல் போவதற்காகக் கொடுத்த உயரமே ஹைவே வளைவில் கவிழும் ஆபத்தைக் கூட்டுகிறது. ஆள் அதிகம் ஏற ஏற ஆபத்தும் ஏறும். 2023 ஆகஸ்டில் வயநாட்டில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் போன ஜீப் பள்ளத்தில் விழுந்து 9 பெண்கள் உயிரிழந்தார்கள். போடி, கம்பம் பகுதிகளில் தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகளிலும் அளவுக்கு மேல் ஆள் ஏற்றுவது பழைய புகார்தான். பெஞ்ச் சீட்டு, பெல்ட் இல்லை, நெருக்கியடித்துக்கொண்டு உட்காரும் ஆட்கள். இதில் எந்த ஃபோர் வீலும் காப்பாற்றாது.

பழைய ஜீப் வாங்குபவர்கள் கவனத்துக்கு

"புதுசுக்குக் காசில்லை, பழைய எம்.எம்.540 எடுத்து ரெடி பண்ணிக்கலாம்" என்று நினைப்பவர்கள் நிறைய. மெக்கானிக் பக்கம் பிரச்சினை குறைவு, மலையடிவார ஊர்களில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ரேடியேட்டரைவிட ஆர்.சி. புக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சேஸி நம்பரும் இன்ஜின் நம்பரும் புக்கில் உள்ளதோடு பொருந்துகிறதா? இன்ஜின் மாற்றியிருந்தால் அது ஆர்.டி.ஓ.வில் பதிவாகியிருக்கிறதா? 15 வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா? ஹரியானாவின் மண்டி டப்வாலி போன்ற ஊர்களில் பழைய ஜீப் ஒன்றின் புக்கை வைத்துக்கொண்டு, புதிதாகவே ஒரு வண்டியைக் கட்டிக் கொடுக்கும் வியாபாரம் உண்டு. இன்ஸ்டாகிராமில் அழகாக இருக்கும். செக்போஸ்டில் நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

நிறுவனம் கொடுத்த வடிவத்தைப் பதிவுக்கு மாறாக மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ விதிக்கலாம். முன்னால் மாட்டும் இரும்பு புல் பாருக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. அது பாதசாரியின் காலை முறிக்கும், வண்டிக்குள் ஏர்பேக் வேலை செய்வதையும் குழப்பும்.

கடைசியாக, வண்டியை வாங்கும் முன் அடியில் குனிந்து பாருங்க. புது பெயின்ட் அடித்த பழைய ஜீப்பில் துரு ஒளிந்திருப்பது ஃப்ளோர் தகட்டின் அடியிலும் சேஸி மூலைகளிலும்தான். ஒரு சின்ன சுத்தியலால் தட்டிப் பார்த்தால் போதும். நல்ல இரும்பு "டங்" என்று சொல்லும். உளுத்துப்போனது மொத்தையாகச் சத்தம் கொடுக்கும். தட்டவே விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம்.